பர்ஜ் பேனலும் மேல்காற்றும்: அண்ணாச்சி பதில்கள்

தீப்பற்றும் ஆவி உலவுகிற இடங்களில் வைக்கும் மின்பேனல்களைப் பற்றிச் சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினேன். சாதாரண பேனலுக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி, வெளியைவிட உள்ளே கொஞ்சம் அழுத்தம் கூடுதலாக வைத்திருந்தால், வெளியே இருக்கும் ஆவி உள்ளே வராது. ஆவி வராவிட்டால், உள்ளே பொறி பறந்தாலும் பற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இதைத்தான் ஆலைகளில் பர்ஜ் பேனல் என்கிறோம் என்று சொல்லியிருந்தேன். கரண்ட் கொடுக்கும் முன் உள்ளே நிற்கும் பழைய காற்றைச் சுத்தமான காற்றால் வெளியே தள்ளிவிடுவதுதான் பர்ஜ். நம் பக்கத்தில் இத்தனை பேர் இந்தப் பேனல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கடிதங்கள் வந்த பிறகுதான் தெரிந்தது. இந்த இதழ் முழுக்க அதுதான்.

கேள்வி: அண்ணாச்சி, நிலாவாரை இலையிலிருந்து மெத்தனால் போட்டுச் சத்து எடுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறேன். ரியாக்டர் பக்கத்தில் டிரைவும் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) பிஎல்சியும் (எந்திரங்களை இயக்கும் சின்னக் கணினி) வைத்த பர்ஜ் பேனல் இருக்கிறது. அகலம் 800, உயரம் 2000, ஆழம் 600 மில்லிமீட்டர். தகட்டில் பர்ஜ் ஓட்டம் நிமிடத்துக்கு 300 லிட்டர் என்று இருக்கிறது. காலையில் 20 நிமிடம் காற்று ஓடிய பிறகுதான் கரண்ட் ஏறுகிறது. “ராத்திரி மட்டும்தானே நிறுத்தினோம், டைமரை 5 நிமிடமாகக் குறை” என்கிறார் ஷிப்ட் மேலாளர். குறைக்கலாமா?
– ஆலை எலக்ட்ரீஷியன், கங்கைகொண்டான்

பதில்: குறைக்காதீர்கள் தம்பி. வாய்ப்பேச்சில் மேலாளரை ஜெயிக்க முடியாது, கணக்கைக் காட்டுங்கள்.

நீங்கள் எழுதிய அளவுகளைப் பெருக்கினால் 960 லிட்டர் வருகிறது. டிரைவும் டிரான்ஸ்பார்மரும் இடத்தை அடைத்திருக்கிறதே என்று அதில் கழிக்க வேண்டாம். காலிப் பெட்டியாகவே வையுங்கள். சர்வதேச மின்தரமான ஐ.இ.சி 60079-2-ஐ ஒட்டி இங்கே புழக்கத்தில் இருக்கும் கணக்கு, பெட்டியின் கொள்ளளவைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு காற்று. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 496 நான்கு மடங்கு கேட்கிறது, மோட்டாருக்குப் பத்து மடங்கு. ஐந்து மடங்கு என்றால் உங்களுக்கு 4,800 லிட்டர். தகட்டில் பர்ஜ் ஓட்டம் நிமிடத்துக்கு 300 லிட்டர் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 16 நிமிடம். அதற்கு மேல் குழாயையும் மூலைமுடுக்குகளையும் சேர்த்து, தயாரித்தவர் 20 என்று அடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க நமக்கு உரிமை இல்லை.

ஒரு மடங்கு போதாதா என்று மேலாளர் கேட்பார். கருப்பட்டித் தண்ணீர் நிறைந்த வாளியில் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், வாளியில் நிற்பது நல்ல தண்ணீராகவா இருக்கும்? புதிது பழையதோடு கலந்து கலந்துதான் வழியும். காற்றும் அப்படித்தான். ஒரு மடங்கு ஓடினால் பழையதில் 37 சதவீதம் உள்ளேயே நிற்கும். மூன்று மடங்குக்கு 5 சதவீதம், நான்குக்கு 1.8, ஐந்துக்கு 0.7. மேலாளர் சொல்லும் 5 நிமிடத்தில் ஓடுவது 1,500 லிட்டர், அதாவது ஒன்றரை மடங்கும் கொஞ்சமும். பழைய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே இருக்கும்போதே, கரண்ட்டை இணைக்கும் காண்டாக்டர் அடிக்கும்.

“ராத்திரி மட்டும்தானே” என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. பகல் முழுக்கச் சூடாக இருந்த பேனல், நிறுத்தியதும் ஆறும். ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் கேபிள் நுழையும் கிளாண்ட் வழியாகவும் கதவு ஓர கேஸ்கெட் வழியாகவும் வெளிக்காற்றை உறிஞ்சும். அந்த வெளிக்காற்றில் என்ன இருக்கிறது? மெத்தனாலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 11 டிகிரி. நம் ஊரில் மார்கழிப் பனியில்கூட அவ்வளவு குளிராது. காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை மெத்தனால் ஆவி இருந்தால் பற்றும். மூடிய டிரம்முக்குள் திரவத்துக்கு மேலே நிற்கும் ஆவி 20 டிகிரியில் சுமார் 13 சதவீதம், 40 டிகிரியில் சுமார் 35 சதவீதம். கங்கைகொண்டான் வெயிலில் அது வருஷம் முழுக்கப் பற்றும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அது வேறு.

மேலாளருக்கு வேண்டியது காலையில் 20 நிமிடம்தானே? அதற்கு வேறு வழி இருக்கிறது. ராத்திரி காற்றை நிறுத்தாதீர்கள். டிரைவ், பிஎல்சி எல்லாம் நிறுத்திக்கொள்ளுங்கள், அழுத்தம் மட்டும் இருக்கட்டும். அழுத்தம் விழாமல் இருந்தால் மறுபடி பர்ஜ் செய்ய வேண்டியதே இல்லை, காலையில் நேராகக் கரண்ட் கொடுக்கலாம். பர்ஜையும் அழுத்தத்தையும் கவனிக்கும் பர்ஜ் கண்ட்ரோலர் அபாயப் பகுதியில் தனியாகவே உயிரோடு இருக்கும்படி சான்று பெற்றது, அதற்குப் போகும் லைனை மட்டும் பேனல் மெயினிலிருந்து பிரித்திருக்க வேண்டும்.

ராத்திரி முழுக்கக் கம்ப்ரஸர் ஓடுமே என்பார். ஓடாது. பர்ஜ் முடிந்த பிறகு ஈடு செய்ய வேண்டியது கசிவை மட்டும்தான். கேஸ்கெட் நன்றாக இருந்தால் உங்கள் அளவுப் பேனலில் அதை நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வையுங்கள். 500 லிட்டர் டாங்கில் 7 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்வரை 2,000 லிட்டர் காற்று கிடைக்கும். நூறு நிமிடத்துக்கு அது போதும். கரண்ட் போனாலும் இதே கணக்குதான் கை கொடுக்கும். ஆனால் அந்த டாங்குக்கு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டு, பேனலுக்கு என்று தனிக் கிளை எடுங்கள். சிலிண்டர் ஆட்டுவதற்கும் தூசி ஊதுவதற்கும் அதே லைனில் கை வைத்தால் கணக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. பேனலில் கரண்ட் இல்லாமல் பர்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். டைமர் அந்த நொடியே பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஓடிக்கொண்டே இருந்தால், ஓட்டத்தை வெளியேறும் வாயில் அளக்காமல் உள்ளே வரும் குழாயில் அளக்கிறார்கள், அல்லது ஓட்டத்தைக் கண்காணிக்கும் ஃப்ளோ ஸ்விட்சை யாரோ குறுக்கே ஒயர் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். 20 நிமிடம் ஓடினாலும் அந்த பர்ஜுக்கு மதிப்பில்லை.

கேள்வி: பர்ஜ் வம்பெல்லாம் எதற்கு? கனமான ஃபிளேம்புரூஃப் பெட்டியாகவே வாங்கிப் போட்டால் என்ன?
– சிறுதொழில் செய்பவர், தென்காசி

பதில்: ஒரு புஷ்பட்டனும் ஒரு விளக்கும் என்றால் ஃபிளேம்புரூஃப்தான், பேச்சே கிடையாது. அதற்குப் பர்ஜ் வைப்பது வீண் செலவு. ஃபிளேம்புரூஃபில் உள்ளே வெடித்தாலும் வெடிக்கட்டும், சுடர் வெளியே வராமல் கனத்த சுவரும் பொருத்து இடுக்கும் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு. ஆனால் பெரிய டிரைவ், தொடுதிரை, கேஸ் அனலைசர் என்று பெட்டி பெருக்கப் பெருக்க அந்தச் சுவர் தாங்க முடியாத கனமாகிறது. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்ற வேண்டும், கண்ணாடி சின்னதாக இருக்கும், டிரைவின் சூடு வெளியேற வழி இருக்காது. ஐதரஜன் இருக்கும் இடம் என்றால் ஐ.ஐ.சி வகைப் பெட்டி, அதாவது மிக எளிதில் பற்றும் வாயுக்களுக்கான பெட்டி வேண்டும். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்குப் பயன்படும் அதே வாயுதான், மிகச் சின்ன இடுக்கிலும் சுடர் தப்பிப் போய்விடும். பெரிய ஐ.ஐ.சி பெட்டிக்கு விலை கேட்டால் தலை சுற்றும். பர்ஜுக்கு வாயு வகை அவ்வளவு தொந்தரவு தராது, பெட்டிக்குள்ளேயே வாயு வராமல் பார்த்துக்கொள்வதுதானே வேலை. என் கணக்கில், பேனல் நீங்கள் ஒருவரே தூக்கும் அளவில் இருந்தால் ஃபிளேம்புரூஃப், அதைத் தாண்டினால் பர்ஜ்.

கேள்வி: எங்கள் தவிட்டு எண்ணெய் ஆலையில் ஹெக்சேன் சால்வென்ட். பேனலுக்குக் காற்று தரும் கம்ப்ரஸரைச் சால்வென்ட் கொட்டகைக்குக் கிழக்கே, வேலி ஓரம் வைக்கலாம் என்று இருக்கிறோம். உறிஞ்சு குழாயை எங்கே விடலாம்?
– ஆலை மேற்பார்வையாளர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள். பேனலை அக்குவேறு ஆணிவேறாகச் சோதிப்பவர்கள்கூடக் கம்ப்ரஸர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பேனலுக்குள் போகும் காற்றிலேயே ஹெக்சேன் இருந்தால், பிரஷர் ஸ்விட்ச் “எல்லாம் சரி” என்று பச்சை விளக்கு காட்டும், டைமர் ஒழுங்காக எண்ணும், பேனல் முழுக்க ஆவி நிறையும். அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி எதுவும் பேனலில் இல்லை.

நீங்கள் சொல்லும் கிழக்குப் பக்கத்தைச் சாரல் காலத்தில் வைத்துப் பாருங்கள். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்து நொறுக்கும். கொட்டகையில் கசிவது எல்லாம் கிழக்கே, உங்கள் கம்ப்ரஸர் பக்கம்தான் வரும். சரி, மேற்கே வைக்கலாம் என்றால் ஐப்பசியில் கொண்டல் திரும்பி அடிக்கும். அதனால் திசையை நம்பி வேலை செய்யாதீர்கள், தூரத்தையும் வரைபடத்தையும் நம்புங்கள். உங்கள் ஆலைக்கு ஐ.எஸ் 5572-இன்படி வகைப்பாட்டு வரைபடம் போட்டிருப்பார்கள், எது ஜோன் 1 (வழக்கமான வேலையிலேயே ஆவி வரக்கூடிய இடம்), எது ஜோன் 2 (எப்போதாவது, கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடிய இடம்) என்று கோடு இழுத்த படம். உறிஞ்சு வாய் அந்தக் கோடுகளுக்கு வெளியே இருக்க வேண்டும், எந்தக் காற்று அடித்தாலும். எனக்குக் கேட்டால் வடக்கோ தெற்கோ தள்ளி வையுங்கள் என்பேன். நம் ஊர்ப் பெருங்காற்று இரண்டுக்கும் அது குறுக்கே இருக்கும்.

உயரமும் பார்க்க வேண்டும். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்திலும் கேபிள் டிரெஞ்சிலும் தேங்கும். காற்றில் சுமார் 1 சதவீதம் இருந்தாலே பற்றும். ஆக, குழாயின் வாய் தரையை ஒட்டி இருக்கக் கூடாது. அதற்காகக் கூரை உச்சிக்கு ஏற்றினால், மிச்ச ஆவி வெளியேறும் கண்டென்சர் வென்ட்டும் அங்கேதான் இருக்கும். வென்ட்டிலிருந்தும் தள்ளி, மழைச்சாரல் அடிக்காதபடி வாயைக் கீழ்நோக்கி வளைத்து, வலை கட்டி விடுங்கள்.

உறிஞ்சு குழாயைக் கொட்டகை வழியாகக் கொண்டுவரவே கூடாது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, ஒரு ஃபிளாஞ்ச் தளர்ந்தாலும் ஆவியை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் தாண்டிய பக்கம் கொட்டகைக்குள் வரலாம். அங்கே அழுத்தம் கூடுதல் என்பதால் ஓட்டை விழுந்தாலும் காற்று வெளியே சீறுமே தவிர ஆவி உள்ளே வராது.

பேனலுக்குள்ளும் இதே கனக் கணக்குதான். ஹெக்சேனுக்குக் காற்றை மேலே விட்டு, வெளியேறும் வாயைக் கீழே எதிர்மூலையில் வைப்பார்கள். ஐதரஜன் போன்ற லேசான வாயுவுக்கு நேர் எதிர். பேனலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மூடிய பெட்டிகளுக்கும் காற்று போக வேண்டும். ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் துளை, துளையின் விட்டம் 6.3 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மூடி போட்டு அடைத்த கேபிள் டிரங்கிங்கையும் மறக்காதீர்கள்.

அப்புறம் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் டிரையர் இல்லாத கம்ப்ரஸர் லைனில் தண்ணீர் சொட்டும். பேனலில் ஏ.சி இருந்தால் அதன் குளிர்ச்சியில் இன்னும் சொட்டும். கம்ப்ரஸர் எண்ணெயும் கூடவே வரும். டிரையரும் ஃபில்டரும் ஆட்டோ டிரெயினும் இல்லாமல் இந்தக் காற்றை டிரைவ் மேல் விடாதீர்கள்.

கேள்வி: ஒரு பேனல் தகட்டில் பி.எக்ஸ்.பி, இன்னொன்றில் பி.இசட்.சி என்று இருக்கிறது. பி.ஒய்.பி என்றும் ஒன்று உண்டாமே. சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– பாலிடெக்னிக் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: மூன்றும் வெளியே இருக்கும் அபாயத்தை உள்ளே எவ்வளவு குறைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. பி.எக்ஸ்.பி வெளியே ஜோன் 1 இருந்தாலும் உள்ளே சாதாரணக் கருவிகளை வைக்க விடும். அதனால் அழுத்தம் விழுந்தால் கரண்ட்டைத் தானாகவே வெட்ட வேண்டும். பி.ஒய்.பி ஜோன் 1-ஐ ஜோன் 2 ஆக்கும், உள்ளே ஜோன் 2-க்கு ஏற்ற கருவிகள்தான் இருக்க வேண்டும். பி.இசட்.சி ஜோன் 2-ல் நிற்கும் பேனலுக்கு. பின்னிரண்டுக்கும் அழுத்தம் விழுந்தால் அலாரம் போதும், ஆனால் ஆள் இருக்கும் இடத்தில் அது அடிக்க வேண்டும். பூட்டிய கொட்டகைக்குள் அடிக்கும் மணிக்கு யார் வருவார்? குறைந்தபட்ச அழுத்தம் முதல் இரண்டுக்கும் 50 பாஸ்கல், பி.இசட்.சிக்கு 25. தேர்வுக்கு எழுதும்போது அமெரிக்க எழுத்துகளோடு குழப்பிக்கொள்ளாதே அம்மா. அவர்கள் எக்ஸ், ஒய், இசட் என்று தனி எழுத்தாகவே போடுவார்கள்.

கேள்வி: 50 பாஸ்கல் என்பது எவ்வளவு? கேஜ் சரியாகக் காட்டுகிறதா என்று நாங்களே பார்க்க முடியுமா?
– ஐ.டி.ஐ பயிற்றுநர், சேரன்மகாதேவி

பதில்: 5 மில்லிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். யூ வடிவக் குழாயில் அதைக் கண்ணால் படிப்பது கஷ்டம். ஒரு பக்கம் சின்னத் தண்ணீர்க் குப்பி, மறுபக்கம் பத்துக்கு ஒன்று சாய்வில் பலகையில் கட்டிய கண்ணாடிக் குழாய் என்று வைத்தால், அதே 5 மில்லிமீட்டர் குழாயில் 50 மில்லிமீட்டராக நீளும். மசிச் சொட்டு ஒன்று விட்டால் பையன்களுக்கு நன்றாகத் தெரியும். பட்டறையில் வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள், அபாயப் பகுதிக்குள் போய் அல்ல.

கேள்வி: ரெகுலேட்டர் பழுதாகிப் பேனல் கதவு தொப்பைபோல் உப்பிவிட்டது. 50 பாஸ்கல் இவ்வளவு செய்யுமா?
– காண்ட்ராக்டர், வள்ளியூர்

பதில்: 50 செய்யாது. 800-க்கு 2000 கதவில் அது 8 கிலோ தள்ளுதான். ரெகுலேட்டர் திறந்தபடி நின்றுபோய் உள்ளே 1,000 பாஸ்கல் ஏறினால், அதாவது வெறும் 100 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு, அதே கதவை 160 கிலோ தள்ளும். உப்பாமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் யாராவது தாழ்ப்பாளைத் திருகினால் கதவு முகத்தில் அடிக்கும். ரிலீஃப் வென்ட் இருக்கிறதா, அதன் வாயில் பெயின்ட் அடித்து ஒட்டவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்கிற ஆளுக்கு எல்லாமே ஒரே சாம்பல் நிறம்தான். கதவை மாற்றினால் தயாரித்தவரிடமே மாற்றுங்கள். உள்ளூர் ஷீட் மெட்டல் கதவைப் பொருத்தினாலோ, நீங்களாக ஒரு கிளாண்ட் துளை போட்டாலோ, அந்தப் பேனலுக்கு வாங்கிய சான்று அன்றோடு போயிற்று.

கேள்வி: அழுத்தம் விழுந்ததும் எங்கள் பேனலின் மெயின் சரியாக ட்ரிப் ஆகிறது. ஆனாலும் உள்ளே டெஸ்டர் வைத்தால் சில டெர்மினலில் எரிகிறது. ஆய்வுக்கு வந்தவர் குறை எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் சொல்வது நியாயமா?
– பராமரிப்புப் பொறியாளர், பணகுடி

பதில்: நூறு சதவீதம் நியாயம். பேனலுக்கு ஒரு வழியாகத்தான் கரண்ட் வருகிறது என்று நினைக்கிறோம். உங்கள் படத்தை அனுப்பியிருந்தீர்கள், அதிலேயே மூன்று வழிகள் தெரிகின்றன. பிஎல்சிக்காகப் பேனலுக்குள்ளேயே வைத்த சின்ன யு.பி.எஸ் முதலாவது. மெயின் போனதும் ‘நான் இருக்கிறேன்’ என்று அது வேலையைத் தொடங்கிவிடும். அழுத்தம் போன பேனலுக்குள் அதைவிட மோசமான ஆள் கிடையாது. இரண்டாவது, எம்.சி.சியிலிருந்து (மோட்டார்களுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பேனல்) இன்டர்லாக்குக்காக, அதாவது ஒரு எந்திரத்தின் நிலையைப் பார்த்து மற்றதை ஓட்டவோ நிறுத்தவோ, வரும் 230 வோல்ட் ஒயர். அது வேறு பேனலின் கரண்ட், உங்கள் மெயினுக்குக் கட்டுப்படாது. மூன்றாவது, ஈரம் தட்டாமல் இருக்க மெயினுக்கு முன்னாலிருந்து எடுத்த ஹீட்டர்.

யு.பி.எஸ்ஸைப் பாதுகாப்பான பகுதிக்கு, கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றி, அதன் வெளியீட்டையும் பர்ஜ் கண்ட்ரோலரின் காண்டாக்ட் வழியாக வெட்டுங்கள். இன்டர்லாக் ஒயர்களுக்கும் அதே வெட்டு. அழுத்தம் இல்லாதபோதும் உயிரோடு இருந்தே தீர வேண்டும் என்ற கருவி எதுவாக இருந்தாலும், அது தானாகவே அந்த ஜோனுக்கான சான்று பெற்றதாக இருக்க வேண்டும். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது கேஸ் டிடெக்டர் கையில் இருந்ததா என்பதை எழுதவில்லை. அடுத்த கடிதத்துக்கான பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: ஓடும் பேனலைத் திறந்து ஒரு பாராமீட்டர் மாற்ற வேண்டுமென்றால் என்ன முறை? பைபாஸ் சாவி போட்டுத் திறக்கலாமா?
– சர்வீஸ் டெக்னீஷியன், தூத்துக்குடி

பதில்: பைபாஸ் சாவி, அதாவது அழுத்தம் விழுந்தாலும் கரண்ட் வெட்டாதபடி செய்யும் சாவி, இருப்பதே, சுற்றிலும் ஆவி இல்லை என்று உறுதி செய்த பிறகு வேலை பார்க்கத்தான். உறுதி செய்வது என்றால் மூக்கால் அல்ல. அளவீடு சரிபார்த்த கேஸ் டிடெக்டர், ஆலை தரும் எழுத்துப்பூர்வ பர்மிட், வேலை முடியும்வரை கருவியோடு பக்கத்திலேயே நிற்கும் ஓர் ஆள், மூன்றும் வேண்டும். அளவு ஏறினால் அவர் சொல்வதுதான் சட்டம், கரண்ட்டை வெட்டிவிட்டு வெளியே வர வேண்டும். சாவி பர்மிட் கொடுப்பவர் மேசையில் இருக்கட்டும். பேனலிலேயே நூல் கட்டித் தொங்கவிட்ட சாவிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் கரண்ட்டை வெட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். வெட்டியதும் உடனே அல்ல. தகட்டில் இத்தனை நிமிடம் காத்திருக்கவும் என்று ஒரு வரி இருக்கும். டிரைவின் கெப்பாசிட்டர் மின்னேற்றம் இறங்கவும், ரெசிஸ்டர்போல் சூடேறும் சாமான்கள் ஆறவும் அந்த நேரம். மூடும்போது கேஸ்கெட் பள்ளத்தில் ஒயர்த் துண்டு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அப்புறம் முழு பர்ஜ், முதலிலிருந்து.

பாராமீட்டர் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால், அடுத்த ஷட்டவுனில் டிரைவின் கீபேடைத் தயாரித்தவர் மூலமாகக் கதவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கண்ட்ரோல் ரூமிலிருந்து மாற்ற ஒரு கேபிள் இழுங்கள். திறக்காமலே வேலை முடியும்.

கேள்வி: எங்களிடம் நைட்ரஜன் லைன் இருக்கிறது. காற்றுக்குப் பதில் அதையே பேனலுக்கு விட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே?
– வேதிப்பொருள் ஆலை ஊழியர், தூத்துக்குடி

பதில்: பேனலுக்குப் பாதுகாப்பு, ஆளுக்கு இல்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். 19.5-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று கணக்கு. நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது, மூச்சும் முட்டாது. நிறைந்த பெட்டிக்குள் தலையை விட்டால் மயக்கம் வருவதே தெரியாமல் விழுந்துவிடுவோம். ஏ.சி போட்ட சின்ன அனலைசர் அறைக்குள் பேனல் இருந்தால், கசிவு மட்டுமே அறையை நிரப்பிவிடும். கம்ப்ரஸர் காற்று கிடைக்கும் இடத்தில் நைட்ரஜன் வேண்டாம் என்பதே என் பேச்சு. வேறு வழியே இல்லையென்றால், வெளியேறும் வாயைக் குழாய் போட்டு அறைக்கு வெளியே விடுங்கள், ஆக்சிஜன் மீட்டர் மாட்டுங்கள், மூச்சடைக்கும் அபாயம் என்று கதவில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். திறப்பவர் படிக்கும் மொழியில் இருந்தால்தான் எச்சரிக்கை.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை. மருந்து கலக்கும் அறைக்கு இந்தப் பர்ஜ் பேனல் உதவுமா?
– தீப்பெட்டித் தொழிற்சாலை உரிமையாளர்

பதில்: உதவாது. இந்தத் தரங்கள் ஆவிக்கும் தூசிக்கும் எழுதியவை, வெடிமருந்து போன்ற பொருளைக் கையாளும் இடத்துக்கு அல்ல. தீக்குச்சி மருந்தில் இருக்கும் குளோரேட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னோடேயே வைத்திருக்கிறது, காற்றை விலக்கி அதை அடக்க முடியாது. அந்த அறைக்குள் மின்பேனலே வேண்டாம். மோட்டாரைச் சுவருக்கு வெளியே வைத்து ஷாஃப்டை மட்டும் உள்ளே விடுவதுபோன்ற ஏற்பாட்டை, உரிமம் தரும் அதிகாரியிடம் காட்டிச் செய்யுங்கள்.

சாதாரணத் தூசிக்கு, மாவு, மரத்தூள் போன்றவற்றுக்கு, அழுத்தப் பேனல் உண்டு. ஆனால் அங்கே முதலில் பர்ஜ் கூடாது. உள்ளே படிந்த தூசியைக் காற்று கிளப்பிவிடும். கரண்ட் இல்லாமல் திறந்து, அந்த இடத்துக்கு ஏற்ற வாக்குவம் கிளீனரால் உறிஞ்சிச் சுத்தம் செய்து, மூடி, அழுத்தம் ஏற்றி, பிறகுதான் கரண்ட்.

கேள்வி: காலையில் அழுத்தம் சரியாகக் காட்டுகிறது. மதியம் தாறுமாறாக ஏறி இறங்கி, காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது. ஸ்விட்சை மாற்றியும் தீரவில்லை.
– ஆலை இன்ஸ்ட்ருமென்ட் பணியாளர், கங்கைகொண்டான்

பதில்: புது ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் பழைய ஸ்விட்சின் இரண்டாவது துளையைப் பார்த்தீர்களா? அந்த ஸ்விட்ச் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது. ஒரு துளை பேனலுக்குள், மற்றது வெளிக்காற்றுக்கு. வெளித்துளைக்குப் போகும் குழாயின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். நம் பக்கத்துக் குளவிக்குப் பென்சில் பருமன் துளை என்றால் கொள்ளைப் பிரியம். வாய் அடைபட்டால் குழாயில் சிக்கிய காற்று வெயிலில் விரியும், நிழலில் சுருங்கும், ஸ்விட்ச் அதை அழுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். காலையில் சரி, மதியம் கோளாறு என்பது இதோடு பொருந்துகிறது.

அழுத்தம் குறைந்ததாகக் காட்டினால் ட்ரிப் ஆகிறது, தொந்தரவு மட்டும்தான். ஆனால் மாலையில் குழாய் குளிரும்போது இதே அடைப்பு, பேனலில் அழுத்தம் இல்லாதபோதும் அழுத்தம் இருப்பதாகக் காட்டும். அதனால் இதை இன்றே பாருங்கள். மண்ணைக் கம்பியால் உள்ளே தள்ளாதீர்கள், குழாயைக் கழற்றி வெளியே ஊதுங்கள். வாயில் நுண்ணிய ஸ்டீல் வலை போட்டு, வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவையுங்கள். வெளியேறும் வாயிலும் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அங்கே நீங்களாக வலை கட்டக் கூடாது. பொறி வெளியே வராமல் தடுக்கும் தடுப்பு ஏற்கெனவே அதில் இருக்கும், மேலே வலை சேர்த்தால் பர்ஜ் ஓட்டம் குறையும். முடித்த பிறகு காற்றை மூடி, கதவைத் திறந்து, கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, முழு பர்ஜ் நேரமும் ஓடவிட்டுக் கரண்ட் கொடுங்கள்.